எந்த ஆண்டின் அலி? எத்தனை சுற்றுப் போட்டி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குத்துச்சண்டை வீரர்கள் முகமது அலியும் மைக் டைசனும் தத்தம் உச்ச காலத்தில் மோதியிருந்தால் ஐந்து சுற்றுக்குள் டைசனே வென்றிருப்பார் என்று தீர்ப்புச் சொல்லி, சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். மதுரையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி, மாணவர்களுக்குக் குத்துச்சண்டையும் கபடியும் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் இப்படிப்பட்ட விவாதங்களில் எனக்கு மிகுந்த ஈடுபாடு உண்டு. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலை நடையை முடித்துக்கொண்டு டீக்கடையில் நிற்கும் அரை மணி நேரமும் எங்கள் கூட்டத்துக்கு இதுவே பேச்சு. ஆனால் எந்த ஆண்டின் அலி, எந்த ஆண்டின் டைசன், போட்டிக்கு எத்தனை சுற்று என்பவை அந்தக் கட்டுரையில் எங்குமே சொல்லப்படவில்லை. இவற்றைச் சொல்லாமல் வெற்றி யாருக்கு என்று அறிவிப்பது, வில்லங்கச் சான்று பார்க்காமல் நிலத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு ஒப்பானது.

சுற்றுகளின் எண்ணிக்கையையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம் இளைஞர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது அதைத்தான். இன்று உலகப் பட்டத்துக்கான போட்டி 12 சுற்று. அலியின் காலத்தில் அது 15. 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மன்சினியுடன் மோதிய தென்கொரிய வீரர் கிம் டுக் கூ 14ஆவது சுற்றில் வீழ்ந்து, சில நாட்களில் உயிரிழந்த பிறகே பட்டப் போட்டிகள் படிப்படியாக 12 சுற்றுக்குக் குறைக்கப்பட்டன. அந்த முடிவு சரியானது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆயினும் அந்த மூன்று சுற்றுகளுக்குள் எவ்வளவு வரலாறு அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். 1937 முதல் 1949 வரை ஹெவிவெயிட் எனும் மிகக்கனப் பிரிவின் உலகப் பட்டத்தை வைத்திருந்து 25 முறை அதைக் காத்த ஜோ லூயிஸை, 1941 ஜூனில் நியூயார்க்கில் பில்லி கான் எதிர்த்தார். எடையில் மிகவும் குறைந்தவரான கான், 12 சுற்று முடிந்தபோது இரண்டு புள்ளித்தாள்களில் முன்னிலையிலும் மூன்றாவது தாளில் சமநிலையிலும் இருந்தார். 13ஆவது சுற்றில் லூயிஸ் அவரைச் சாய்த்தார். 1952 செப்டம்பரில் பிலடெல்பியாவில் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் புள்ளிகளில் பின்தங்கியிருந்த ராக்கி மார்சியானோவும் அதே 13ஆவது சுற்றில்தான் ஒரே வலக்கைக் குத்தில் பட்டத்தைப் பறித்தார். இன்றைய விதி அன்று இருந்திருந்தால் லூயிஸ் 1941இலேயே பட்டத்தை இழந்திருப்பார். 49 போட்டி, 49 வெற்றி என்று இன்றும் நாம் வியக்கும் மார்சியானோவின் கணக்கும் வேறாகியிருக்கும்.

கடைசிச் சுற்றுகள் எப்படிப்பட்டவை என்பதை அறிய உலகப் போட்டி பார்க்க வேண்டியதில்லை. என்னிடம் பயின்ற பள்ளி மாணவர்களுக்கு மூன்றே சுற்றுதான். முதல் சுற்றில் வேப்பமரத்து மணல் மூட்டையை அடிப்பதுபோல் எதிராளியை விளாசும் பையனுக்கு, மூன்றாவது சுற்றின் நடுவில் முழங்கை விலாவை விட்டு விலகும். கன்னத்தைக் காக்க வேண்டிய வலக்கை மெல்ல நழுவி நெஞ்சுக்கு வந்துவிடும். வாய் திறந்து பற்காப்பு வெளியே தெரியும். எதிராளி அடிக்காமலேயே கை இறங்கிவிடுகிறது. அந்தக் கையை 13, 14, 15 என்று தூக்கிப் பிடித்தவர்களோடு, அந்தச் சுற்றுகளைக் காணவே நேராதவர்களை நிறுத்தும்போது எந்த விதியில் மோதுகிறார்கள் என்று கேட்காமல் எப்படி இருப்பது? டைசன் பட்டத்துக்காக மோதிய போட்டிகள் பெரும்பாலும் 12 சுற்றுக்கு வகுக்கப்பட்டவை.

மற்ற விதிகளும் அப்படியே. 1919 ஜூலை 4 அன்று டொலீடோவில் ஜாக் டெம்ப்சி, தம்மைவிட 26 கிலோ கூடுதல் எடையுள்ள ஜெஸ் வில்லர்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை கீழே தள்ளினார். விழுந்தவர் எழும்வரை தூரத்து மூலைக்குப் போய் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் அன்று இல்லாததால், வில்லர்டின் முழங்கால் தரையை விட்டு எழும்போதே அடுத்த குத்து காத்திருந்தது. 1927இல் சிகாகோவில் டெம்ப்சி ஜீன் டன்னியுடன் மோதியபோது அந்த விதி வந்துவிட்டிருந்தது. டன்னி விழுந்தபோது டெம்ப்சி பழைய பழக்கத்தில் அருகிலேயே நின்றார். நடுவர் எண்ணத் தொடங்கத் தாமதித்தார். டன்னிக்கு ஏறத்தாழ 14 விநாடி கிடைத்தது. எழுந்து போட்டியையும் வென்றார். மண் ஆடுகளத்தில் வெறுங்காலோடு பாடிப் போன அந்தக் காலத்துச் செல்லூர் கபடி வீரரை, ஷூ அணிந்து 'மேட்' எனும் விரிப்பில் 30 விநாடிக்குள் ரெய்டு முடிக்கும் இன்றைய வீரரோடு ஒப்பிடும்போது, 'மண்ணிலா, விரிப்பிலா?' என்று எங்கள் ஊரில் சிறு பையனும் கேட்பான். குத்துச்சண்டைக்கு மட்டும் அந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை.

கணினியிடம் கணக்குக் கொடுத்து முடிவு கண்டதாகக் கட்டுரையாளர் குறிப்பிட்டிருந்தார். இது புதிதன்று. 1967இல் மரி வொரோனர் என்ற அமெரிக்க வானொலித் தயாரிப்பாளர், எல்லாக் காலத்துச் சாம்பியன்களின் விவரங்களையும் கணினிக்கு ஊட்டி ஒரு கற்பனைப் போட்டித் தொடரையே ஒலிபரப்பினார். அதில் அலி, பல்லாண்டுகளுக்கு முந்தைய ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றதாக முடிவு வந்ததும், அலி வழக்குத் தொடுத்தார். அதன் தொடர்ச்சியாக 1969இல் அலியும், ஓய்வுபெற்றுப் பதின்மூன்று ஆண்டுகளாகியிருந்த மார்சியானோவும் நேரிலேயே நடித்துப் படமெடுத்தார்கள். மார்சியானோ உடல் எடையைக் குறைத்து, தலையில் பொய்முடி வைத்துக்கொண்டு நடித்தார். படம் திரைக்கு வருமுன்பே, 1969 ஆகஸ்ட் 31 அன்று விமான விபத்தில் இறந்தார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் காட்டிய படத்தில் மார்சியானோ 13ஆவது சுற்றில் வென்றார். ஐரோப்பாவுக்குச் சென்ற படத்திலோ அலி வென்றார். ஊருக்கு ஒரு முடிவு சொன்ன அந்த எந்திரத்தை நம்பி இன்னொரு முறை தீர்ப்பெழுத வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

உடல் அளவைப் பற்றியும் ஒரு சொல். பட்டம் வென்ற காலத்தில் மார்சியானோவின் எடை சுமார் 84 கிலோ. இன்று ஹெவிவெயிட்டுக்குக் கீழே உள்ள குரூசர்வெயிட் பிரிவின் உச்ச வரம்பே 90 கிலோவுக்குச் சற்று மேல். இன்றிருந்தால் அவர், அண்மைக் காலத்துப் பிரிட்டிஷ் ஹெவிவெயிட் வீரர் டைசன் ப்யூரியின் எதிரே நிற்கவே வேண்டியிராது. ஆனால் எடைதான் எல்லாம் என்று சொல்வோருக்கு, 2024 மே மாதம் ரியாத்தில் ஒலெக்சாண்டர் உசிக், தம்மைவிட 17 கிலோவுக்கு மேல் கூடுதலான அதே ப்யூரியைப் புள்ளிகளில் வென்றதை நினைவூட்டுகிறேன்.

இனி, எந்த ஆண்டின் அலி என்ற கேள்விக்கு வருகிறேன். 1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அலி சென்னை வந்தபோது, நானும் இரு நண்பர்களும் இரவு ரயிலேறிப் போய், நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் அவர் ஆடிய காட்சிப் போட்டியைப் பார்த்தோம். அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். எங்கள் இடத்திலிருந்து முகம் சரியாகத் தெரியவில்லை, கால்கள் தெரிந்தன. உடல் கனத்திருந்தது, கால்கள் ஓரிரு முறை மட்டுமே பழைய வேகத்தில் துள்ளின. ஆனாலும் கூட்டம் எழுந்து நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் அவர் பட்ட அடியைப் பத்திரிகையில் படித்து வருந்தினேன். அவரும் அலிதான். 1974இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து ஜார்ஜ் ஃபோர்மனின் அடிகளை வாங்கிக்கொண்டு எட்டாவது சுற்றில் அவரை வீழ்த்தியவரும் அலிதான். ஆனால் 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்று சுற்றில் முடித்த 24 வயது அலியிடம் இருந்த கால்கள், போருக்குப் போக மறுத்து மூன்றரை ஆண்டு மேடை இழந்து திரும்பிய பிறகு அவருக்கு முழுமையாக வாய்க்கவேயில்லை.

ஆகவே நான் 1966 நவம்பர் அலியையும், 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்ஸை 91 விநாடியில் வீழ்த்திய டைசனையும் எடுத்துக்கொள்கிறேன். டைசனுக்குச் சாதகமானவற்றை மறைக்க மாட்டேன். இடக்கை ஹுக், அதாவது கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து, அலியின் பழைய பகை. 1963இல் ஹென்றி கூப்பரும் 1971இல் ஜோ ஃபிரேசியரும் அந்த ஒரே குத்தால்தான் அவரைத் தரையில் அமர்த்தினார்கள், டைசனுடைய ஹுக்கோ அவர்களுடையதைவிட வேகமானது. அதனால் முதல் நான்கு சுற்றுகள் அலிக்கு ஆபத்தானவை. ஆனால் அலியின் கைவீச்சு டைசனைவிட ஏழு அங்குலம் அதிகம். இடக்கை நேர்க்குத்தை விடாமல் செலுத்தும் உயரமானவர் டைசனை என்ன செய்ய முடியும் என்பதை 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் பத்தாவது சுற்றில் காட்டினார். அலியின் கால் வேகம் டக்ளஸிடம் இல்லை. டைசனை வளர்த்த கஸ் டமாட்டோவின் முந்தைய மாணவர் ஃபிளாயிட் பேட்டர்சன், டைசனைப் போலவே கைகளைக் கன்னங்களோடு ஒட்டி வைத்து ஆடும் முறையோடு 1965இல் அலியை எதிர்த்து 12ஆவது சுற்றில் தோற்றார். பேட்டர்சன் டைசனளவு வலியவரல்லர் என்பதையும், அன்று முதுகுவலியோடு ஆடினார் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

15 சுற்றுப் போட்டி என்றால் பதின்மூன்று, பதினான்காம் சுற்று வாக்கில் நடுவர் நிறுத்த, அலிக்கு வெற்றி. 12 சுற்றுப் போட்டி என்றால் புள்ளிகளில் அலி, ஆனால் மிக நெருக்கமாக. கட்டுரையாளர் தம் டைசன் எந்த ஆண்டினர் என்று எழுதினால், நான் மறுபடியும் எழுதுவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
செல்லூர், மதுரை.