வெளிச்சத்துல உட்கார்ந்தா மாரடைப்பு வராதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா,

போன வாரம் உங்க மருத்துவப் பக்கத்துல "தினம் அரை மணி நேரம் வெளிச்சத்துல உட்காருங்க, மாரடைப்பு உங்க வாசப்படிய மிதிக்காது"ன்னு ஒரு வரி, அதையும் மஞ்சக் கலர்ல கட்டம் கட்டிப் போட்டிருந்தீங்க. எழுதின மகராசருக்கு ஒரு கும்பிடு. எங்க அண்ணன் வேதாரண்யத்துல 30 வருஷமா உப்பளத்துல வேலை பார்த்தவர். உப்பளத்துல வெயில் ஏறினப்புறம் நின்னு பார்த்திருக்கீங்களா? மேலயும் வெள்ளை கீழயும் வெள்ளை, கண்ணைத் திறக்க முடியாது, அதைவிட வெளிச்சத்தை எங்க போய்த் தேடுறது. அவருக்கு நெஞ்சுவலி வந்ததே சித்திரை மாசம் காலைல 10 மணிக்கு, அந்தப் பாத்தி வரப்புல நிக்கும்போதுதான். வாயுன்னு நினைச்சு சோடாவக் குடிச்சிட்டு ரெண்டு மணி நேரம் படுத்துட்டார், அப்புறம் தஞ்சாவூர் கொண்டுபோய் ஸ்டென்ட், அதான் அடைச்ச ரத்தக்குழாயைத் திறந்து வைக்கிற சின்னக் குழாய், வச்சுப் பிழைக்க வச்சது தனிக்கதை.

இப்ப உங்க கட்டத்தைக் கத்தரிச்சு காலண்டர்ல ஒட்டிட்டு தினம் திண்ணையில உட்கார்றார். உட்காரட்டும், யாரு வேண்டாங்கறா. ஆனா நேத்து அண்ணி பாயைச் சுருட்டும்போது கீழ மாத்திரை அட்டை, ரத்தம் கட்டாம இருக்கக் குடுத்தது, 6 மாத்திரை பிரிக்காம அப்படியே இருக்கு. கேட்டா "அதான் வெளிச்சம் வாங்குறேனே"ங்கிறார். ஸ்டென்ட் வச்சவங்க அதைத் தானா நிறுத்தினா உள்ளயே மறுபடி அடைச்சுக்கும்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னது உங்க ஒரு கட்டத்துல போச்சு.

அந்த ஆராய்ச்சியே பொய்னு நான் சொல்லல. என் மகன் பார்மசி படிக்கிறான், அவன்தான் தேடி எடுத்துப் படிச்சுக் காட்டினான். அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகத்துல டோபியாஸ் எக்லேங்கிற மயக்க மருந்து டாக்டரோட குழு 2012லயும் 2019லயும் வெளியிட்டது. எலிகளை ஒரு வாரம் பளிச்சுனு 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற கணக்கு) வெளிச்சத்துல வச்சிருந்து, அப்புறம் இதயத்துக்குப் போற ரத்தத்தைக் கொஞ்ச நேரம் தடுத்துப் பார்த்திருக்காங்க, சேதம் கம்மியா இருந்திருக்கு. உடம்போட கடிகாரத்துல பெர்2ன்னு ஒரு புரதம் இருக்காம், அது கூடினா ஆக்சிஜன் பத்தாதப்ப இதயம் கொழுப்பை விட்டுட்டு சர்க்கரையை எரிச்சு சமாளிக்குதாம். கண்ணு தெரியாத எலிக்கு இந்தப் பலனே கிடைக்கல, அப்ப விஷயம் கண்ணு வழியா நடக்குது. நீங்க என்னடான்னா சட்டையைக் கழட்டி முதுகைக் காட்டுங்க, வைட்டமின் டின்னு எழுதியிருக்கீங்க! மனுஷங்கள்ல செஞ்சது என்ன, நல்லா இருக்கிறவங்களை 5 நாள் காலைல அரை மணி நேரம் விளக்கு முன்னாடி உட்காரவச்சு ரத்தத்தை டெஸ்ட் பண்ணினாங்க, அவ்வளவுதான். அடைப்பு வந்தா சேதம் குறையுமான்னு பார்த்த ஆராய்ச்சி அது, அடைப்பே வராதுன்னு அதுல எங்க இருக்கு? உங்களுக்குத் தெரியாததா ஐயா. எலிங்கிற ரெண்டெழுத்து போட இடம் பத்தலையோ என்னவோ, ராசிபலனுக்கு மட்டும் ரெண்டு முழுப்பக்கம்.

அதே இதழ் கடைசிப் பக்கத்துல லைட் பெட்டி விளம்பரம் வந்ததையும் பார்த்தேன், ஒண்ணும் கேக்கல. எங்க அப்பா காலத்துலேருந்து வாங்குற பத்திரிகை, விலை ஏறுச்சு பக்கம் குறைஞ்சுது, அதுக்கும் வாயைத் திறக்கல. ரெண்டு வருஷம் முன்னாடி சுகர் கஷாயக் கட்டுரைக்கு ரெண்டு பக்கம் கைப்பட எழுதினேன், நாலு வரியா வெட்டி, ஊர் பேரையும் வேளாங்கண்ணின்னு மாத்திப் போட்டீங்க. பாராட்டி எழுதுற கடிதம்லாம் முழுசா வருது.

பெருசா ஒண்ணும் வேண்டாம். அதே பக்கத்துல, அதே மஞ்சக் கட்டத்துல, அதே சைஸ் எழுத்துல, இது எலியில பார்த்தது, மாத்திரையை நிறுத்தாதீங்க, நெஞ்சுவலின்னா சோடா குடிக்காம 108க்கு போன் பண்ணுங்கன்னு போடுங்க. அதையும் கத்தரிச்சு அண்ணன் காலண்டர்ல நானே ஒட்டிக்கிறேன்.

இப்படிக்கு,
உப்பளத்துக்காரர் தங்கச்சி,
வேதாரண்யம் (வேளாங்கண்ணி இல்ல).