வேலைத்தளத்துக்குப் போகும் பிள்ளைகள்

இலண்டன்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருப்பதாக நீ எழுதியதைப் படித்து நிம்மதி அடைந்தேன். நாங்கள் அனைவரும் நலம். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் மாணவர்களை, அந்த இடைவெளியில் ஓரிரு வாரங்கள் யாழ்ப்பாணத்து வேலைத்தளங்களுக்கு அனுப்ப உங்கள் அதிபர் யோசிப்பதாகவும், இங்கே அது எப்படி நடக்கிறது என்றும் கேட்டிருந்தாய். பாடசாலையில் இந்தப் பொறுப்பு நெடுங்காலமாக என்னிடம் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் பத்தாம் ஆண்டில் படிக்கும் 14, 15 வயதுப் பிள்ளைகள், பெரும்பாலும் கோடைத் தவணையில், ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஏதேனும் ஒரு வேலைத்தளத்துக்குச் சென்று வருவார்கள். அதற்குச் சம்பளம் கிடையாது. 14 முதல் 16 வயது வரையான மாணவருக்குத் தொழில்சார் கற்றலை வழங்குவது 2012 வரை பாடசாலைகளின் சட்டக் கடமையாகவே இருந்தது. பேராசிரியர் அலிசன் வொல்ஃப் 2011இல் அளித்த அறிக்கை, பெரும்பாலான பிள்ளைகள் 18 வயது வரை கல்வியில் தொடரும் காலத்தில் இத்தகைய அனுபவம் 16 வயதுக்குப் பின்னரே பயன் தரும் என்று வாதிட்டதைத் தொடர்ந்து அந்தக் கடமை நீக்கப்பட்டது. அந்த வாதத்தை நான் முழுவதும் மறுக்கவில்லை. ஆனால் கடமை நீங்கியதும் பல பாடசாலைகள் இதற்கென ஒதுக்கிய பணத்தையும் ஆளையும் குறைத்தன, சில நிறுத்திவிட்டன, வேறு சில, இடத்தை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று பெற்றோருக்குக் கடிதம் அனுப்பின.

அந்த ஒரு கடிதம் செய்யும் தீங்கைத்தான் உன்னிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தந்தை சட்டத்தரணியாக இருக்கும் பிள்ளைக்கு அவருடைய நண்பரின் அலுவலகத்தில் ஒரே தொலைபேசி அழைப்பில் இடம் கிடைத்துவிடும். நம்மவர்களிலும் மாமாவின் கடையிலோ சித்தப்பாவின் பெற்றோல் நிலையத்திலோ அந்த வாரத்தைக் கழிக்கும் பிள்ளைகள் உண்டு. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. நம் குடும்பங்கள் பலவற்றைத் தாங்கியது அதுதான். எனினும் சனிக்கிழமைதோறும் அந்தக் கடையிலேயே நிற்கும் பிள்ளைக்கு அந்த வாரம் புதிதாக எதைக் காட்டிவிடும்? யாரையும் தெரியாத குடும்பத்துப் பிள்ளைக்குத்தான் இந்த அனுபவம் மற்றவர்களைவிட அதிகம் தேவைப்படுகிறது. தேடும் பொறுப்பை வீட்டில் விட்டால் முதலில் விடுபடுவதும் அந்தப் பிள்ளைதான். ஆகவே இடங்களைப் பாடசாலையே தேடிப் பட்டியலாக்கி, பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டு ஒதுக்க வேண்டும் என்று அதிபரிடம் உறுதியாகச் சொல்.

சட்டக் கடமை நீங்கினாலும் இந்த அனுபவத்தின் தேவை இங்கே மறக்கப்படவில்லை. கட்ஸ்பி என்னும் பிரித்தானிய அறக்கட்டளைக்காகச் சேர் ஜோன் ஹொல்மன் 2014இல் தயாரித்த அறிக்கை, நல்ல தொழில் வழிகாட்டலுக்கு எட்டு அளவுகோல்களை வகுத்தது. 16 வயதுக்குள் ஒவ்வொரு மாணவருக்கும் குறைந்தது ஒரு வேலைத்தள அனுபவமும், 18 வயதுக்குள் இன்னொன்றும் கிடைக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 2020இல் தொடங்கிய ‘ரி லெவல்’ என்னும், 16 வயதுக்குப் பின் படிக்கும் தொழில்சார் கற்கைநெறிகளில் குறைந்தது 315 மணிநேரம் தொழில்துறையில் பணியாற்றியே ஆகவேண்டும். தொழிற்கட்சியும் 2024 தேர்தல் அறிக்கையில் இரண்டு வாரத்துக்குச் சமமான வேலை அனுபவத்தை ஒவ்வொரு இளைஞருக்கும் உறுதியளித்தது.

நடைமுறைக்கு வருகிறேன். வேலைத்தளத்திடம் இரண்டைக் கேட்டு எழுத்தில் பெறுங்கள்: பிள்ளைக்குப் பொறுப்பான ஒருவரின் பெயர், பிள்ளை செய்து முடிக்கக்கூடிய ஒரு வேலை. இவை இல்லாத இடத்தில் பிள்ளை மூலையில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துவிட்டு வரும். மருத்துவராகும் கனவுடன் இருந்த எங்கள் மாணவி ஒருத்திக்கு வைத்தியசாலையில் இடம் கிடைக்கவில்லை. 16 வயது நிரம்பாதவர்களை அவர்கள் எளிதில் சேர்ப்பதில்லை. அருகிலிருந்த மருந்தகம் ஒன்று அவளை ஏற்றுக்கொண்டு, வந்திறங்கும் மருந்துகளின் காலாவதித் திகதிகளைச் சரிபார்க்கும் பணியைக் கொடுத்தது. முதியவர்கள் மருந்தாளரிடம் எத்தனை கேள்விகள் கேட்கிறார்கள், அவர் எவ்வளவு பொறுமையாக விளக்குகிறார் என்பதையே அவள் தன் குறிப்பேட்டில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். மருத்துவம் படிக்கும் ஆசை அவளுக்கு மாறவில்லை. ஆனால் நோயாளி என்ற சொல்லுக்குள் ஒரு மனிதர் இருப்பதை அவள் அங்கே பார்த்துவிட்டாள்.

வேலைத்தளத்தில் பிள்ளைக்குக் காயம் ஏற்பட்டால் ஈடு தரும் காப்புறுதி உண்டா என்பதை முன்கூட்டியே விசாரியுங்கள். இங்கே 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலை வழங்குவோர் பெரும்பாலும் குறைந்தது 50 இலட்சம் பவுணுக்குக் காப்புறுதி வைத்திருக்க வேண்டும். பயிற்சிக்கு வரும் மாணவரும் பொதுவாக அதில் அடங்குவர். அங்கே அப்படி ஓர் ஏற்பாடு இல்லாவிட்டால் கராச், மரவேலைத்தளம் போன்ற இடங்களுக்கு அனுப்புமுன் வலயக் கல்வி அலுவலகத்துடன் பேசிவிடுவது நல்லது. பெண்பிள்ளைகள் எந்த வழியாக, எத்தனை மணிக்கு வீடு திரும்புவார்கள் என்பதையும் பெற்றோருடன் முதலிலேயே பேசிவிடுங்கள். வாரத்தின் நடுவில் ஓர் ஆசிரியர் நேரில் போய்ப் பார்க்கட்டும். தொலைபேசியில் கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் ‘நல்லாயிருக்கு மிஸ்’ என்றுதான் சொல்வார்கள்.

முதல் முறை ஒரு வகுப்பு மட்டும் போதும். பொது நூலகம், ஓர் அச்சகம், கூட்டுறவுச் சங்கம், விவசாயப் பண்ணை என்று சிலவற்றை நீ ஏற்கனவே மனத்தில் குறித்திருப்பாய். வேலைத்தளங்களுக்கு அதிபர் அனுப்பும் கடிதத்தின் வரைவை எனக்கு அனுப்பு. எங்கள் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி அடுத்த கடிதத்துடன் இணைக்கிறேன். அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் தோழி