சரிபார்க்க முடியாத சொல் லேபிளில் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிராண்டுகள் உண்மையாக இருக்க வேண்டும் என்று வணிகப் பக்கங்களில் அடிக்கடி எழுதப்படுகிறது. பெரும்பாலும் அங்கே தொனியைப் பற்றித்தான் பேச்சு. வாடிக்கையாளரிடம் நண்பரைப் போலப் பேசுங்கள், நிறுவனரின் கதையைச் சொல்லுங்கள், தொழிற்சாலைக்குள் நடப்பதைப் படம்பிடித்துப் போடுங்கள் என்கிறார்கள். இவற்றில் தவறொன்றும் இல்லை. ஆனால் தொனியை யார் வேண்டுமானாலும் ஒரே வாரத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஏமாற்ற நினைப்பவருக்கும் அது எளிதில் கைவரும். லேபிளில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதான் என்று நம்பியே வாடிக்கையாளர் பணம் கொடுக்கிறார். அந்த இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அதை அளக்கலாம், குறைக்கலாம். அந்த வேலையைப் பற்றி யாரும் விரிவாக எழுதுவதில்லை என்பதால் இந்தக் கடிதம்.

வாங்குபவருக்கு இதில் என்ன இழப்பு என்பதைப் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் பழைய கார் விற்பனையை வைத்து விளக்கினார். எந்தக் கார் நல்லது, எது கோளாறானது என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் காருக்கும் ஒரு நடுத்தர விலைதான் சொல்வார். அந்த விலை நல்ல கார் வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது. அவர் விற்காமல் ஒதுங்கிவிடுவார். அப்படி ஒவ்வொருவராக ஒதுங்க ஒதுங்க, மிச்சமிருக்கும் கார்களின் தரம் இறங்கும், விலையும் இறங்கும். இந்தச் சரிவைத் தடுக்கக்கூடியவை என்று அவர் சொன்னவற்றில் உத்தரவாதமும் உண்டு, பிராண்ட் பெயரும் உண்டு. அந்தப் பெயரே பொய் சொல்லத் தொடங்கினால் தடுப்பே போய்விடுகிறது. போலிச் சொல்லை நம்பி வாங்கியவர் இழப்பது ஒருபுறம் இருக்க, அதே சொல்லுக்கு உண்மையாகவே செலவு செய்து பொருள் தயாரிக்கும் போட்டியாளரும் சேர்ந்து இழக்கிறார். "சொல்கிறார்கள், எல்லாரும்தான் சொல்கிறார்கள்" என்று வாங்குபவர் சலித்துக்கொண்ட பிறகு அவருடைய உண்மைக்கு விலை கிடைப்பதில்லை.

2015 செப்டம்பர் 18 அன்று வெளிப்பட்ட ஃபோக்ஸ்வாகன் விவகாரத்தில் கவனிக்க வேண்டியது அதன் பொறிமுறை. "சுத்தமான டீசல்" என்று விளம்பரம் செய்யப்பட்ட கார்களில் இருந்த மென்பொருள், ஸ்டீயரிங் அசைகிறதா, வேகம் எப்படி மாறுகிறது, இன்ஜின் எவ்வளவு நேரம் ஓடுகிறது, காற்றழுத்தம் என்ன என்பதையெல்லாம் பார்த்து, கார் இப்போது சோதனைக்கூடத்தில் நிற்கிறது என்று கண்டுகொள்ளும். அப்போது மட்டும் புகைக் கட்டுப்பாடு முழுமையாக இயங்கும். சாலையில் நைட்ரஜன் ஆக்ஸைடு அமெரிக்க வரம்பைப் போல 40 மடங்கு வரை வெளியேறியது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வாகனங்களில் இந்த மென்பொருள் இருந்தது. சுற்றுச்சூழலை நினைத்து அந்தக் காரைத் தேர்ந்தெடுத்தவர் எவ்வளவு கவனமாக விசாரித்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளவுக் கருவியைக் காரிலேயே ஏற்றிச் சாலையில் ஓட்டிப் பார்த்ததால்தான் சாயம் வெளுத்தது. நிறுவனம் சொன்ன இடத்தில் சோதிப்பதும் பொருள் புழங்கும் இடத்தில் சோதிப்பதும் வேறு வேறு. விளம்பரத்தில் ஒரு எண்ணைப் பார்த்தால், அது எங்கே, எந்த நிலையில் எடுத்த அளவு என்பதையும் கேட்டே ஆக வேண்டும்.

திட்டமிட்ட மோசடி அரிது. நாள்தோறும் நடப்பது வேறு: யாரும் பொய் சொல்ல நினைக்காமலே பொய் அச்சாகிறது. ஐரோப்பிய ஆணையத்தின் 2020 ஆய்வு ஒன்றில் 150 சுற்றுச்சூழல் வாசகங்களை எடுத்துப் பார்த்தார்கள். 53 சதவீதம் தெளிவற்றவை, தவறாக எண்ண வைப்பவை அல்லது ஆதாரம் போதாதவை. 40 சதவீதத்துக்கு ஆதாரமே இல்லை. "மறுசுழற்சி" என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மறுசுழற்சி செய்யக்கூடியது என்றால் இனிமேல் செய்ய முடியும் என்று பொருள்; மறுசுழற்சி செய்யப்பட்டது என்றால் ஏற்கெனவே செய்த மூலப்பொருள் உள்ளே இருக்கிறது என்று பொருள். பொதியில் மூன்று அம்புகள் வட்டமிடும் படத்தை மட்டும் போட்டால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். "80 சதவீதம் மறுசுழற்சிப் பிளாஸ்டிக்" என்றாலும் கேள்வி தீராது. எடையிலா? மூடியும் ஒட்டுத்தாளும் கணக்கில் சேருமா? பாட்டிலுக்கு மட்டும்தானா? அதைச் சொல்ல நான்கு சொல் போதும்: "எடையில், மூடி, ஒட்டுத்தாள் நீங்கலாக". இந்த நான்கு சொல்லை எழுத மனம் வராத நிறுவனம் அந்த எண்ணையும் போடாமல் விடலாம்.

"மக்கும்" என்ற சொல் இதைவிடச் சிக்கலானது. பொதிகளுக்கான ஐரோப்பியத் தரநிலை இஎன் 13432, ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும் என்கிறது. அந்தச் சோதனை தொழில்முறை உரக்கூடத்தின் வெப்பத்தில், ஏறத்தாழ 58 டிகிரி செல்சியஸில் நடக்கிறது. வீட்டுத் தோட்டத்துக் குப்பைக் குழியில் அந்தச் சூடு நிலைத்து நிற்பதில்லை. சான்றிதழ் உண்மையானது, பொதியும் தேறியதுதான். ஆனால் வாங்கியவர் குழியில் போட்டு ஒரு வருடம் கழித்துத் தோண்டினால் உறை மக்காமல் இருக்கக்கூடும். அடுத்த முறை உண்மையிலேயே மக்கும் பொருளையும் அவர் நம்பமாட்டார். "தொழில்முறை உரக்கூடத்தில் மட்டும் மக்கும்" என்று எழுதியிருந்தால் இந்தச் சேதம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/825 எண் நெறிமுறை, "சூழலுக்கு உகந்தது" போன்ற பொத்தாம்பொதுவான சொற்களைத் தக்க ஆதாரம் இல்லாமல் போடுவதற்குத் தடை விதிக்கிறது. பொருளால் வெளியாகும் கார்பனுக்கு ஈடாக, வேறெங்கோ மரம் நடுவது போன்ற திட்டங்களுக்குப் பணம் கட்டிவிட்டுப் பொருளைக் "கார்பன் நடுநிலை" (மொத்தத்தில் கார்பன் சேர்க்காதது) என்று சொல்வதற்கும் தடை. 2026 செப்டம்பர் 27 முதல் இது பொருந்தும். வரவேற்க வேண்டிய ஏற்பாடு.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று உண்டு. நிறுவனம் சிறியதோ பெரியதோ, வாக்குறுதிப் பதிவேடு ஒன்றைத் திறக்க வேண்டும். பொதி, இணையதளம், விளம்பரம், கடைப் பலகை, விற்பனையாளர் மனப்பாடமாகச் சொல்வது, கால் சென்டரில் படிக்கும் பதில் என எல்லா இடத்திலும் நிறுவனம் சொல்லும் ஒவ்வொரு வாசகத்தையும் ஒரு வரிக்கு ஒன்றாக, உள்ளது உள்ளபடி எழுதுங்கள். சுருக்க வேண்டாம், பிழை சுருக்கத்தில்தான் ஒளிந்துகொள்ளும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆதார ஆவணம் எது, அது எந்தத் தேதியில் வாங்கியது, எப்போது காலாவதியாகிறது, எந்த நிபந்தனையில் உண்மை, யார் பொறுப்பு என்று எழுதுங்கள். பொறுப்புக் கட்டத்தில் ஒரு ஆளின் பெயர் வேண்டும். "மார்க்கெட்டிங் பிரிவு" என்று எழுதினால் யாரும் பொறுப்பில்லை என்றே அர்த்தம். ஆதாரக் கட்டம் காலியாக இருக்கும் வரிகளுக்கு இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். ஆவணம் வரவில்லையென்றால் அந்த வாசகம் எல்லா இடத்திலிருந்தும் இறங்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பது பொது விதி. சப்ளையரோ கலவையோ அளவோ மாறினால் அன்றே பார்க்க வேண்டும்.

அந்தக் கடைசி விதிதான் அதிகம் மீறப்படுகிறது. மூலப்பொருள் வாங்கும் பிரிவு விலை பார்த்துச் சப்ளையரை மாற்றும். உறை அச்சிட்டது ஆறு மாதத்துக்கு. பழைய உறை ரோல்கள் கிடங்கில் கிடக்க, புதிய பொருள் அவற்றுக்குள் போகத் தொடங்கும். அன்றிலிருந்து லேபிள் பொய், ஒருவரும் பொய் சொல்லாமலே. மூலப்பொருள் மாற்றமும் லேபிளும் ஒரே ஆளின் கையெழுத்தில் நகர வேண்டும். உறையைச் சிறுசிறு தொகையாக அச்சிட வேண்டும். அலகுக்குச் செலவு கூடும், கூடட்டும். அவசரமாக மாற்ற நேர்ந்தால் மேலே ஒட்டும் திருத்தச் சீட்டு அழகாக இராது என்று தயங்கக் கூடாது. ஒட்டியிருக்கும் திருத்தத்தைப் பார்த்து வாடிக்கையாளர் முகம் சுளிப்பதில்லை. ஒட்டாமல் விட்டதைப் பிறகு தெரிந்துகொள்ளும்போதுதான் அவருக்குக் கோபம் வருகிறது.

விலையை ஏற்றாமல் அளவைக் குறைப்பதும் இந்த வகைதான். எடையைச் சின்ன எழுத்தில் சரியாகவே அச்சிட்டிருப்பார்கள், சட்டப்படி குற்றமில்லை. பொதியின் உயரமும் அகலமும் மட்டும் பழையபடியே இருக்கும். பிரான்ஸில் 2024 ஜூலை 1 முதல், இப்படி அளவு குறைந்து அலகு விலை ஏறிய பொருள்களுக்கு அருகில் பெரிய கடைகள் இரண்டு மாதம் அறிவிப்பு வைக்க வேண்டும். நிறுவனங்களே பொதியின் முன்பக்கம் "முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு" என்று போட்டுவிட்டால் கடைக்காரர் அறிவிக்க வேண்டியிருக்காது.

சான்றிதழ் முத்திரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாங்குபவர் அதிகம் நம்புவது இவற்றைத்தான், அதிகம் ஏமாறுவதும் இவற்றில்தான். ஐஎஸ்ஓ 9001 என்பது ஒரு நிறுவனத்தின் மேலாண்மை முறைக்கான தரநிலை. பொருளின் தரத்துக்கு அது சான்றல்ல. ஐஎஸ்ஓ அமைப்பு யாருக்கும் நேரடியாகச் சான்றிதழ் தருவதுமில்லை. தனிச் சான்றளிப்பு நிறுவனங்கள்தான் தருகின்றன. ஆகவே பொருளின் மேல் "ஐஎஸ்ஓ தரம் பெற்றது" என்ற முத்திரையைக் கண்டால் கேள்வி கேட்கலாம். எந்தச் சான்றிதழ் ஆனாலும் பார்க்க வேண்டியவை நான்கு: எண், யார் பெயரில், எந்தப் பொருளுக்கு அல்லது எந்த ஆலைக்கு, எதுவரை செல்லும். இவற்றைச் சான்று கொடுத்தவரின் தளத்தில் பார்க்க வேண்டும். விற்பவர் அனுப்பும் படத்தில் பார்த்தால் போதாது. அச்சு அசலான சான்றிதழ், ஆனால் அதே நிறுவனத்தின் வேறொரு ஆலைக்குக் கொடுத்தது என்பது அடிக்கடி காணக்கூடிய கோளாறு.

ரிவ்யூக்கள் விஷயத்தில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதி 2024 அக்டோபர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. செயற்கை நுண்ணறிவால் எழுதியவை உட்படப் போலி ரிவ்யூக்களை விற்பதும் வாங்குவதும், நிறுவனத்தின் உள்ளாட்கள் தம்மை வெளிக்காட்டாமல் எழுதுவதும், மிரட்டிக் கெட்ட ரிவ்யூக்களை நீக்கவைப்பதும் அதில் தடைசெய்யப்பட்டுள்ளன. இவற்றைவிட நாசூக்கான தில்லுமுல்லு ஒன்று பரவலாக நடக்கிறது. முதலில் "திருப்தியா?" என்று கேட்பார்கள், ஆம் என்றவருக்கு மட்டும் ரிவ்யூ பக்கத்தின் இணைப்பு போகும், இல்லை என்றவருக்குப் புகார்ப் படிவம் போகும். ஒவ்வொரு ரிவ்யூவும் உண்மை, மொத்தம் பொய். வாங்கிய எல்லாருக்கும் ஒரே நாள் கணக்கில், பொருளைப் பயன்படுத்த நேரம் கொடுத்து, ஒரே வேண்டுகோளை அனுப்புவதே நேர்மை. இலவசமாகப் பொருள் பெற்று எழுதியவரின் வரியில் அதைக் குறிக்க வேண்டும். வாங்குபவர் சராசரி நட்சத்திரத்தை விட்டுவிட்டு, மூன்று நட்சத்திரம் தந்தவர்கள் எழுதியதைப் படிப்பது நல்லது. பொருளின் குறையும் நிறையும் சேர்ந்து அங்கேதான் அதிகம் கிடைக்கும்.

தவறு நேர்ந்தபோது பேசும் மொழியில் ஒரு பிராண்டின் மெய்த்தன்மை வெளிப்பட்டுவிடும். 1982இல் சிகாகோ வட்டாரத்தில் டைலனால் என்ற வலிநிவாரண மருந்தின் கேப்சூல் குப்பிகளில் யாரோ சயனைடு கலந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். செய்தவர் யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் நாடு முழுவதும் இருந்த சுமார் 3 கோடியே 10 லட்சம் குப்பிகளைத் திரும்பப் பெற்றது. பிரித்தால் தெரிந்துவிடும் மூன்றடுக்கு மூடலுடன் மறுபடி விற்பனைக்கு வந்தது. மக்கள் திரும்ப வாங்கினார்கள். இன்று வரும் திரும்பப்பெறும் அறிவிப்புகள் பலவற்றில் "சில வாடிக்கையாளர்களுக்கு அசௌகரியம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்" என்ற ஒரு வரிதான் மிஞ்சுகிறது. வாடிக்கையாளருக்கு வேண்டியது என்ன? பொருளின் பெயர், பேட்ச் எண், அது பொதியில் எங்கே அச்சாகியிருக்கிறது, ஆபத்து என்ன, உடனே என்ன செய்ய வேண்டும், பணம் எப்படித் திரும்ப வரும், அடுத்த தகவல் எந்தத் தேதியில் வரும். இவை முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும். வருத்தம் அதற்குப் பிறகு வரலாம்.

கடைசியாக, தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். பணம் பெற்று வெளியிடும் கட்டுரைகள் செய்தியின் அதே எழுத்துருவில், அதே பத்தி அகலத்தில் வருகின்றன; "விளம்பரம்" என்ற சொல் மூலையில் பொடி எழுத்தில் இருக்கிறது, சில நாள் "சிறப்புப் பக்கம்" என்று மட்டும் இருக்கிறது. தலைப்புக்கு மேலேயே, உடல் எழுத்துக்குக் குறையாத அளவில், "விளம்பரம்" என்ற அதே சொல்லை ஒவ்வொரு பக்கத்திலும் அச்சிடுங்கள். எழுத்துருவையும் வேறாக்குங்கள். பணம் கொடுத்தவர் யார் என்பதை அடியில் ஒரு வரியில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்