கியர்பாக்ஸை இறக்கும் முன் சுவிட்சைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்கால வாகனப் பராமரிப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த குறிப்புகள் பிரேக், டயர், வைப்பரோடு நின்றுவிட்டன. ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களை மழை நாளில் அலைக்கழிக்கும் ஒரு சின்ன உருப்படி விடுபட்டிருக்கிறது. கியர்பாக்ஸின் பக்கவாட்டில், கியர் லீவரின் கேபிள் வந்து சேரும் தண்டின் மேல் மாட்டியிருக்கும் சுவிட்ச் அது. இன்ஹிபிட்டர் சுவிட்ச் என்பார்கள். நியூட்ரல் சுவிட்ச் என்று கேட்டாலும் கடையில் புரியும்.

லீவர் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வதும், 'பி' (பார்க்கிங்), 'என்' (நியூட்ரல்) இரண்டில் மட்டும் ஸ்டார்ட்டருக்கு வழிவிடுவதும், 'ஆர்' (ரிவர்ஸ்) போட்டால் ரிவர்ஸ் லைட்டை எரியவைப்பதும் இதன் வேலை. இது கெட்டால் 'பி'யில் சாவியைத் திருப்பினாலும் சத்தமே வராது. லீவரை அசைத்தாலோ 'என்'னுக்குத் தள்ளினாலோ ஸ்டார்ட் ஆகும். டேஷ்போர்டில் கியர் எழுத்து அணைந்துபோகும், அல்லது இரண்டு எழுத்து சேர்ந்து எரியும். சில வண்டிகள் பாதுகாப்புக்காக ஒரே கியரில் நின்றுகொண்டு இழுவையில்லாமல் திணறும். ஸ்கேனரில் பி0705 அல்லது பி0706 என்ற கோளாறு எண் காட்டும். இந்தத் திணறலை மட்டும் பார்த்துவிட்டு "கியர்பாக்ஸ் போச்சு, இறக்கணும்" என்று எஸ்டிமேட் போடுகிற ஒர்க்‌ஷாப்கள் உண்டு.

அதைவிட மோசமான வைத்தியம், ஸ்டார்ட்டருக்குப் போகும் இரண்டு ஒயரையும் முறுக்கி நேரடியாக இணைத்துவிடுவது. வண்டி உடனே ஸ்டார்ட் ஆகும், வாடிக்கையாளரும் மகிழ்ச்சியாகப் போவார். ஆனால் அதன்பின் லீவர் 'டி'யிலோ (டிரைவ்) 'ஆர்'ரிலோ இருந்தாலும் சாவி வேலை செய்யும். என்ஜின் பிடித்த கணமே வண்டி பாயும். இதை ரிப்பேர் என்று சொல்லிப் பணம் வாங்குவது அநியாயம்.

சுவிட்சைக் கழற்றும் முன் சில சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பேட்டரி நின்ற நிலையில் 12.6 வோல்ட் அளவில் இருக்கட்டும். ஒருவர் லீவரை நகர்த்த, இன்னொருவர் பானெட்டுக்குள் பார்க்கட்டும். கேபிள் முனையின் பிளாஸ்டிக் புஷ் (உள்வளையம்) தேய்ந்து ஆடினால் சுவிட்ச் மேல் பழி போடக் கூடாது. லீவர் 'பி'யை விட்டே நகரவில்லை என்றால் அது வேறு கதை. பிரேக் லைட் சுவிட்சையும் லீவர் பூட்டையும் பாருங்கள். பிறகு கனெக்டரைப் பிடுங்கி, ஸ்டார்ட்டர் முனைகள் இரண்டிலும் மல்டிமீட்டர் வையுங்கள். 'பி', 'என்' இரண்டிலும் ஓர் ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும், மற்ற இடங்களில் இணைப்பே இருக்கக் கூடாது. லீவரை லேசாக ஆட்டும்போது எண் தாவினால் உள்ளே அழுக்கு.

கழற்றும்போது சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, லீவரை 'என்'னில் விட்டு, பேட்டரி நெகட்டிவ்வை எடுத்துவிடுங்கள். சுவிட்ச் உட்கார்ந்திருக்கும் கோணத்தை ஊசியால் கீறி அடையாளம் வையுங்கள். போல்ட் ஓட்டைகள் நீளவாக்கில் இருப்பதால் குறி இல்லாவிட்டால் பிறகு தடுமாற வேண்டும். சுவிட்சை உருவினால் ஆயில் கொட்டாது, தண்டுக்குத் தனி சீல் உண்டு. உள்ளே சிவப்பு ஆயில் நின்றால் அந்த சீல் போய்விட்டது என்று பொருள். அதை மாற்றாமல் சுத்தம் செய்வது வீண்.

சில சுவிட்சுகளில் மூடிக்குத் திருகு இருக்கும். பலவற்றில் விளிம்பை மெல்லிய பிளேடால் சுற்றிலும் நெம்ப வேண்டும். ஒரு துணியை விரித்து அதன் மேல் திறங்கள், ஸ்பிரிங்குகள் தெறித்து ஓடும். உள்ளே பெரும்பாலும் கறுத்து இறுகிய கிரீஸ், செம்புத் தடங்களில் பச்சைக் களிம்பு, தடங்களுக்கு நடுவே தேய்ந்த உலோகத் தூள். களிம்பு மின்சாரத்தைத் தடுக்கும், தூள் போகக் கூடாத இடத்துக்குக் கடத்தும். இரண்டு எழுத்து சேர்ந்து எரிவது இந்தத் தூளால்தான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். தின்னர், பெட்ரோல் வேண்டாம், பிளாஸ்டிக்கில் வெடிப்பு விழும். எமரித் தாளும் வேண்டாம். பென்சில் ரப்பரால் தேய்த்தாலே செம்பு பளிச்சென்று வரும். பிளாஸ்டிக்குக்கு ஒத்துவரும் கான்டாக்ட் கிரீஸைப் படலமாக மட்டும் தடவுங்கள். செம்புத்தூள் கலந்த கிரீஸைத் தடவினால் எல்லா முனைகளும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும். மூடியை ஒட்ட நியூட்ரல் வகை சிலிக்கோன் பசை வாங்குங்கள். காடி வாடை அடிக்கும் வகை செம்பை அரிக்கும். ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

மாட்டும்போது தண்டை 'பி' முனை வரை திருப்பி இரண்டு கிளிக் பின்வாங்கினால் 'என்'. கொரோலாவில் வந்த யு341இ கியர்பாக்ஸில் சுவிட்சின் மேலுள்ள கோடும் நடுப் பள்ளமும் அப்போது நேராக நிற்க வேண்டும். அதன் போல்ட்டுகளுக்கு 5.4 நியூட்டன் மீட்டர் போதும். பலத்தைக் காட்டினால் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

தடமே தேய்ந்து குழி விழுந்திருந்தால் புதிது போடுவதுதான் வழி. கான்டாக்ட் இல்லாத காந்த சென்சார் வகையிலும், கியர்பாக்ஸுக்குள்ளேயே சென்சார் இருக்கும் புது வண்டிகளிலும் இந்த வேலை செல்லாது.

பழைய ஆட்டோமேட்டிக் வாங்கப் போகிறவர்கள், முன்னும் பின்னும் ஆளில்லாத இடத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு, லீவரை 'ஆர்'ரிலும் 'டி'யிலும் வைத்துச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றினால் யாரோ ஒயரை முறுக்கியிருக்கிறார்கள், அல்லது சுவிட்ச் கோணம் தப்பியிருக்கிறது. சரிசெய்து தரச் சொன்ன பிறகே விலை பேசுங்கள்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர்,
கோயம்புத்தூர்