மூடுபனி பட்டதற்காக வாரண்டியை மறுத்தது குறித்துப் புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர், சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்,
கைப்பேசி நிறுவனத் தலைமை அலுவலகம்.

பொருள்: வாரண்டிக் காலத்தில் பழுதான போனை, "ஈரம் பட்டிருக்கிறது" என்று சொல்லி இலவசமாகச் சரிசெய்ய மறுத்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

என் போன் ஒருநாளும் தண்ணீரில் விழவில்லை. எடுத்த எடுப்பிலேயே இதை எழுதக் காரணம் உண்டு. உங்கள் கோவை சர்வீஸ் சென்டரில் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டேன், யாரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

கடந்த மார்ச் மாதம் குன்னூரில் ஒரு கடையில் 22,499 ரூபாய் கொடுத்து உங்கள் போனை வாங்கினேன். அதே கடையில் விலை குறைந்த போன்கள் பல இருந்தன. என் கண் போனது வாசலில் தொங்கிய உங்கள் விளம்பரத் தட்டிக்கு. அருவியில் நனைந்தபடி ஒரு பெண் உங்கள் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள், அவள் தலைக்கு மேல், தூசியும் தண்ணீரும் புகாத தரத்தைக் குறிக்கும் 'ஐபி68' என்று கொட்டை எழுத்து. மழையிலும் பனியிலும் பிழைப்பு நடத்துகிறவளுக்கு ஏற்ற போன் இதுதான் என்று நம்பி, நகைச்சீட்டுக்கு வைத்திருந்த பணத்தையும் சேர்த்து வாங்கினேன்.

எனக்கு இரண்டரை ஏக்கர் தேயிலை. பறிப்பு நாட்களில் நான்கு பெண்கள் வருவார்கள். கொழுந்தை எடை போட்டதும் யாருக்கு எத்தனை கிலோ என்று போனில் குறித்துவிடுவேன். தொழிற்சாலை வண்டி கொடுக்கும் எடைச் சீட்டையும் அங்கேயே படம் எடுத்துக்கொள்வேன். எங்கள் ஊர் ஈரத்தில் காகிதச் சீட்டு நான்கு நாள் தாங்காது, நமுத்து, எழுத்து கலைந்து, மடிப்பில் கிழிந்துவிடும். ஒன்பது மாதக் கணக்கு முழுவதும் அந்தப் போனுக்குள் இருக்கிறது. பெண்களுக்குக் கிலோ கணக்கில்தான் கூலி. கணக்கைக் காட்டச் சொன்னால் இன்று என்னிடம் காட்ட எதுவும் இல்லை. கடன் வாங்கியாவது கூலியைக் கொடுத்துவிடலாம், எடையை எங்கே போய்த் தேடுவது?

தொட்டபெட்டா மலை தென்மேற்குப் பருவமழையைப் பெரும்பாலும் மறைத்துவிடுவதால், கோத்தகிரிப் பக்கத்தில் மழைக்காலம் என்றால் அது ஐப்பசி, கார்த்திகைதான். ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். அந்த மாதங்களில் கதவைத் திறந்தால் மூடுபனி அடுக்களை வரை வரும். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. உப்பு ஜாடியில் உப்பு நீர்விட்டுக் கிடக்கும். ஐப்பசி பிறந்ததிலிருந்தே காலையில் சார்ஜர் வயரைச் செருகினால், சார்ஜ் துளையில் ஈரம் இருக்கிறது என்று போன் எச்சரிக்கை காட்டும், சார்ஜ் ஏறாது. உங்கள் உதவி எண்ணில் கேட்டபோது, உலரவிட்டுப் பிறகு செருகச் சொன்னார்கள். அப்படியே செய்தேன். அரிசியில் புதைக்காதீர்கள் என்றார்கள், புதைக்கவில்லை. தோட்டத்துக்குப் போகும்போது பிளாஸ்டிக் உறையில் போட்டு ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொள்வேன். இவ்வளவு பார்த்தும் நவம்பர் இரண்டாவது வாரத்தில் ஒரு காலை போன் அணைந்தது, பிறகு உயிர் வரவேயில்லை.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர் மலைப்பாதை. அங்கிருந்து கோவைக்கு வேறு பஸ். போய்வர ஒரு பகல் போய்விடும். மூன்று முறை அலைந்தேன், மூன்று நாளும் பறிப்பு நின்றது. மூன்றாவது முறை அங்கிருந்த தம்பி போனைத் திறந்து, கையில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். போர்டின் ஓரத்தில் கடுகைவிடச் சற்றே பெரிய வெள்ளை ஸ்டிக்கர். அதன் ஒரு விளிம்பு மட்டும் வெளிறிய சிவப்பில் இருந்தது, வெற்றிலை போட்டு வாய் கொப்பளித்த பிறகு உதட்டில் நிற்கும் சிவப்பு போல. நடுப்பகுதி வெள்ளையாகவே இருந்தது. "சிவந்துவிட்டது அக்கா, தண்ணீர் போயிருக்கிறது. வாரண்டி கிடைக்காது" என்றார். போர்டு மாற்ற 14,200 ரூபாய் ஆகும் என்று தாளில் எழுதிக் கொடுத்தார். போனைத் தண்ணீரில் போடவில்லை என்று நான் சொன்னதும், பின்னால் இருந்த மேற்பார்வையாளர், "எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்" என்றார். அந்தத் தம்பி மீது எனக்கு வருத்தம் இல்லை. மேற்பார்வையாளரின் அந்தச் சொல்தான் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதில், பத்துப் பேர் நிற்கும் இடத்தில் என்னைப் பொய் சொல்கிறவளாக ஆக்கிவிட்டார்.

அந்த ஸ்டிக்கருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஈரம் பட்டால் உள்ளிருக்கும் சாயம் கசிந்து நிறம் மாறும். வாளியில் விழுந்ததா, உள்ளே நீராவி குளிர்ந்து துளியானதா என்று அது சொல்லாது. என்றைக்குப் பட்டது என்றும் சொல்லாது. பனியில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு விறகடுப்பு எரியும் அடுக்களைக்குள் நுழைந்தால் என் மூக்குக்கண்ணாடி அந்த நொடியே பூத்துவிடும், முந்தானையால் துடைத்துக்கொள்வேன். குளிர்ந்து கிடக்கும் போனுக்குள்ளும் அதேதானே நடக்கும்? அங்கே யார் துடைப்பது? ஐபி68 சோதனை, போனை நல்ல தண்ணீரில் மூழ்கடித்துப் பார்க்கிற ஆய்வகச் சோதனை என்று என் மகள் படித்துச் சொன்னாள். மாதக்கணக்கில் காற்றோடு உள்ளே போகும் ஈரத்தை அது அளப்பதில்லை. அப்படியென்றால் அதை விளம்பரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நீலகிரியில் கடைக்குக் கடை தட்டி கட்டி விற்கிறீர்கள், மலைக்காற்றுக்கு இந்தப் போன் தாங்காது என்று பெட்டியில் எங்கேயும் ஒரு வரி இல்லை.

உங்கள் தொழிலில் இது புதிய வழக்கும் இல்லை. இதே ஈர அடையாளத்தைக் காட்டி வாரண்டியை மறுத்ததாகத் தொடர்ந்த வழக்கில், 2013-ல் ஆப்பிள் நிறுவனம் அமெரிக்காவில் 5.3 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டது. தண்ணீர் தாங்கும் என்று விளம்பரம் செய்துவிட்டு, ஈரத்தால் வந்த பழுதுக்கு வாரண்டி மறுத்ததற்காக, இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் 2020 நவம்பரில் அதே நிறுவனத்துக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. என் குறையும் எழுத்துக்கு எழுத்து அதுதான். நீச்சல் குளத்திலும் கடலிலும் போனைப் பயன்படுத்தலாம் என்று காட்டிய விளம்பரங்களுக்காக 2022-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் சாம்சங்கின் அந்நாட்டுக் கிளைக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. அந்த வாடிக்கையாளர்களாவது தண்ணீரில் இறங்கினார்கள். நான் என் வீட்டில், என் தோட்டத்தில் இருந்தேன்.

ஆகவே நான் கேட்பது இது. போர்டை வாரண்டியிலேயே மாற்றித் தர வேண்டும், முடியாது என்றால் முழு விலையைத் திருப்பித் தர வேண்டும். எதைச் செய்வதானாலும் பழைய போர்டில் இருக்கும் கணக்கையும் படங்களையும் முதலில் எடுத்துக் கொடுங்கள். பணத்தைவிட எனக்கு அதுதான் முக்கியம். போர்டை மாற்றினால் எல்லாம் போய்விடும் என்று சர்வீஸ் சென்டரில் சாதாரணமாகச் சொன்னார்கள். எடுக்க முயன்றார்களா என்றுகூட எனக்குத் தெரியப்படுத்தவில்லை. ஸ்டிக்கர் சிவந்ததைத் தவிர, போனில் தண்ணீர் ஊற்றியதற்கு வேறு என்ன சான்று கண்டீர்கள் என்பதையும் எழுத்தில் தர வேண்டும்.

பதினைந்து நாள் காத்திருப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும், ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் புகார் கொடுப்பேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணமும் கிடையாது.

பில், வாரண்டி அட்டை, 14,200 ரூபாய் மதிப்பீட்டுத் தாள் ஆகியவற்றின் நகல்களையும், உங்கள் தட்டியின் படத்தையும் இணைத்திருக்கிறேன். தட்டி இன்னும் அந்தக் கடை வாசலில்தான் தொங்குகிறது. போனைப் பார்க்க வேண்டுமென்றால் ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள், நான்காவது முறை என்னால் கோவைக்கு இறங்கி வர முடியாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கோத்தகிரி.