மகள் வரலாறு படிக்க விரும்புவது குறித்து ஒரு தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் மகள் பல்கலைக்கழகத்தில் வரலாற்றைப் பாடமாக எடுக்க விரும்புகிறார் என்றும், என்றோ நடந்து முடிந்ததை ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து படித்து என்ன ஆகப்போகிறது என்று நீங்கள் கேட்கிறீர்கள் என்றும் அறிந்தேன். உங்கள் தயக்கம் நியாயமானதுதான். பள்ளியில் நம்மில் பலர் கண்ட வரலாறு, மன்னர்களின் பட்டியலும் போர்களின் ஆண்டுகளுமாக, தேர்வு முடிந்ததும் மறந்துபோகிற ஒன்றாகவே இருந்தது. பல்கலைக்கழகத்திலும் அதுவேதான் தொடரும் என்றால் நானும் உங்கள் பக்கம்தான் பேசுவேன்.

ஆனால் அங்கே கேள்வியே மாறிவிடுகிறது. என்ன நடந்தது என்பதைவிட, அப்படித்தான் நடந்தது என்று நமக்கு எப்படித் தெரியும் என்பதே முன்னுக்கு வருகிறது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் தம் பேரரசின் மேற்குப் பகுதியைப் போப்பாண்டவரின் அதிகாரத்தில் ஒப்படைத்ததாகக் கூறும் சாசனம் ஒன்றைத் திருச்சபை பல நூற்றாண்டுகள் ஆதாரமாகக் காட்டிவந்தது. 1440இல் லோரென்சோ வல்லா என்ற இத்தாலிய அறிஞர் அதன் லத்தீன் நடையையும் அதில் வரும் பதவிப்பெயர்களையும் ஆராய்ந்து, 4ஆம் நூற்றாண்டு அரசவையில் எவரும் அப்படி எழுதியிருக்க முடியாது என்று நிறுவினார். போதாக்குறைக்கு, கான்ஸ்டான்டிநோபிள் நகரம் உருவாவதற்கு முன்பே எழுதப்பட்டதாகச் சொல்லப்பட்ட அந்தச் சாசனத்தில் அந்நகரமும் இடம்பெற்றிருந்தது!

இப்படிச் சான்றுகளை ஆராயும் பயிற்சி பெற்றவர்கள் ஏமாறவே மாட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 1983இல் ஜெர்மனியின் ஸ்டெர்ன் இதழ் ஹிட்லரின் நாட்குறிப்புகள் கிடைத்துவிட்டதாக அறிவித்தபோது, ஹ்யூ ட்ரெவர்-ரோப்பர் என்ற புகழ்பெற்ற வரலாற்றாசிரியரே முதலில் அவை உண்மையானவை என்று சொல்லி, பிறகுதான் ஐயம் தெரிவித்தார். இரண்டு வாரங்களுக்குள் ஜெர்மன் ஆவணக்காப்பகத்தினர், போருக்குப் பிந்தைய வேதிப்பொருள் அந்தத் தாளில் கலந்திருப்பதைக் காட்டி, அவை போலியென அறிவித்தார்கள். எவ்வளவு பெரியவர் சொன்னாலும் சான்றைத் திரும்பச் சோதிக்கலாம் என்பது இத்துறையில் எழுதாத விதி.

போலியைப் பிடிப்பதுகூட எளிய வேலைதான். உண்மையான ஆவணத்தைப் படிப்பதே கடினம். வரிப் பதிவேட்டில் உழவரின் பெயர் இருக்கும், அவர் செலுத்த வேண்டிய தொகை இருக்கும், அந்தத் தொகையைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பது இருக்காது. வழக்கு ஆவணங்களில் எளியவர்களின் பேச்சு கிடைக்கும் என்றாலும், அது விசாரித்தவர் கேட்ட கேள்விக்கு மட்டும் சொன்ன பதில், அதுவும் எழுத்தர் தமக்கு விளங்கியபடி எழுதிவைத்தது. பெண்கள் பல பதிவேடுகளில் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்ற அளவிலேயே வருகிறார்கள். ஒரு தாளை யார், யாருக்காக, எந்தத் தேவைக்காக எழுதினார், எதை எழுதாமல் விட்டார் என்று கேட்டுக் கேட்டுப் பழகியவருக்கு நாளிதழோ நிறுவன அறிக்கையோ தேர்தல் வாக்குறுதியோ முன்போல் வெறும் வாசகமாகத் தெரியாது.

வேலையைப் பற்றியும் கேட்பீர்கள். இந்தப் பட்டம் மருத்துவம்போல் ஒரே தொழிலுக்கு நேராகக் கொண்டுபோய் விடுவதில்லை. அப்படி உறுதி சொல்பவரை நம்பவும் வேண்டாம். சட்டம், இதழியல், ஆட்சிப்பணி, கற்பித்தல், ஆவணக்காப்பகம், அருங்காட்சியகம் என்று வழிகள் பல இருக்கின்றன; பலவற்றுக்கு மேற்படிப்போ தனிப்பயிற்சியோ தேவைப்படும்.

ஆகவே, சேரும் முன் பாடத்திட்டத்தை மகளோடு உட்கார்ந்து பாருங்கள். மூல ஆவணங்களை நேரடியாக வாசிக்கும் வகுப்புகள் உண்டா, இறுதியாண்டில் சொந்தமாக ஆராய்ந்து ஆய்வேடு எழுத வேண்டுமா என்று துறையினரிடமே கேளுங்கள். இரண்டும் இல்லை என்று தெரிந்தால், வேறொரு பல்கலைக்கழகத்தில் இதே பாடத்திற்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வரலாறு கற்பிக்கும் ஓர் ஆசிரியர்