பறவை இல்லாத பறவைச் சுற்றுலா: ஐந்தாவது முறைப்பாடு

திருகோணமலை

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதே விடயமாக நான்கு கடிதம் அனுப்பிவிட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. திருகோணமலைக் கிளையில் கேட்டால் கொழும்பு என்கிறார்கள், கொழும்பில் கேட்டால் சென்னை ஏஜென்ட் என்கிறார்கள், சென்னைக்காரர் "நீங்க காசு கட்டினது அங்கதானேம்மா" என்கிறார். அவர் சொன்னது நியாயம்தான்.

தமிழ்நாட்டில் வேடந்தாங்கல், கர்நாடகாவில் ரங்கனதிட்டு என்ற பறவைச் சரணாலயங்களையும், முதுமலைக் காட்டையும், கோடியக்கரைச் சரணாலயத்தையும் காட்டுவதாகச் சொன்னதுதான் உங்கள் ஏழு நாள் பறவைப் பக்கேஜ். ஓகஸ்ட் விடுமுறைக்கு நானும் இவரும் பேரனும் போனோம். மூன்று பேருக்கு 6,90,000 ரூபா. முப்பத்தொரு வருடம் படிப்பித்து எடுத்த பணிக்கொடையில் மிச்சம் இருந்ததே அவ்வளவுதான்.

முதலில் உங்கள் கொழும்புக் கவுண்டரில் இருக்கும் அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செப்டெம்பரில் இரவு பஸ் பிடித்து, விடிய வந்து இறங்கி, புறக்கோட்டையில் முகம் கழுவிக்கொண்டு ஒன்பது மணிக்கு உங்கள் கதவடியில் நின்றேன். பதினொன்றரைக்குக் கூப்பிட்டார். வேடந்தாங்கலில் ஒரு பறவைகூட இல்லை என்றேன். அவர் போனில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அன்ரி, பறவைக்கும் நாங்களே விசா எடுத்துக் குடுக்கேலுமா?" பக்கத்தில் இருந்த பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. காசு கட்டும்வரை நான் 'ரீச்சர்', கட்டிய பிறகு 'அன்ரி'. பெரியவர் சாப்பிடப் போய்விட்டார் என்று மூன்று மணிவரை இருத்திவைத்து, பிறகு இன்றைக்கு வரமாட்டார் என்றார்கள். அன்றிரவே திரும்ப பஸ். கால் வீங்கி இரண்டு நாள் நடக்க முடியவில்லை.

சரி, விடயத்துக்கு வருகிறேன். வேடந்தாங்கலுக்குப் பறவை வருவது வடகீழ்ப் பருவமழையோடு. நவம்பரில் இருந்து மார்ச் வரைதான் அங்கே சீசன். மாரி பெய்து குளம் நிறைந்தால் பறவை இறங்கும் என்பது தம்பலகாமத்தில் வயல் செய்கிற எவருக்கும் தெரியும், சுற்றுலாக் கொம்பனிக்குத் தெரியாதா? எங்கள் நிலாவெளிக் கடற்கரைக்கு வெள்ளைக்காரர் வரும் மாதத்தையே நாரைக்கும் சீசன் என்று எழுதிவிட்டீர்கள் போலிருக்கிறது. விடியக் காலையில் எழும்பி சென்னையில் இருந்து எண்பது கிலோமீற்றர் ஓடிப் போய்ப் பார்த்தால் ஏரி வற்றிக் கிடக்கிறது. நீர்க்கடம்ப மரங்கள் வேர் தெரிய நிற்கின்றன. நடுவில் இரண்டு எருமை. பேரன் காட்சிக் கோபுரத்தில் ஏறி, புதுப் பைனாகுலரால் அரை மணி நேரம் அந்த எருமைகளையே பார்த்தான். வாசலில் கடலை விற்ற அம்மா, "கார்த்திகைக்கு மேல வாங்க கண்ணு" என்றார். அவர் ஒரு சதம் வாங்காமல் சொன்னதை நீங்கள் 6,90,000 வாங்கிக்கொண்டும் சொல்லவில்லை.

ரங்கனதிட்டு இன்னொரு கதை. படகுச் சவாரி உண்டு என்று உங்கள் தாளில் படம் போட்டே அச்சடித்திருக்கிறீர்கள். நாங்கள் போன அன்று கிருஷ்ணராஜசாகர் அணையைத் திறந்துவிட்டிருந்தார்கள். காவிரி கரைமுட்டிப் போகிறது, படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது. அணை திறந்தால் அங்கே படகு விடமாட்டார்கள் என்பதையாவது போகுமுன் ஒரு கோல் எடுத்து விசாரித்திருக்கலாம். உங்கள் வழிகாட்டி கரையில் நின்று நீர்க்காகத்தைக் காட்டி, "இது ஒரு வகை வாத்து" என்றார். அவரைத் திருத்தியது பதினொரு வயதுப் பிள்ளை.

அப்புறம் அன்று மாலையே முதுமலைக்குப் போயிருக்க வேண்டும். வழிகாட்டிக்கு மைசூரில் பட்டுக்கடை ஒன்றில் என்ன உறவோ, அங்கே இரண்டரை மணி நேரம். பந்திப்பூர் சோதனைச்சாவடிக்குப் போய்ச் சேர 9.20. காட்டு மிருகங்களுக்காக அந்தப் பாதையை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். எத்தனையோ வருடமாக இருக்கிற சட்டம். குண்டலுப்பேட்டைக்குத் திரும்பி வந்து, அறை கிடைக்காமல் வானுக்குள் படுத்தோம். இவருக்கு சீனி வருத்தம். அன்றைக்கு ஏறிய பிரஷர் இன்றுவரை இறங்கவில்லை, அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.

கோடியக்கரையை விட்டதுதான் எனக்கு ஆறவில்லை. பூநாரை அங்கேயும் மாரிக்குத்தான் வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெளிமான் வருடம் முழுக்க நிற்கும். அந்தச் சரணாலயத்தை 1967இல் தொடங்கியதே அதற்காகத்தான். ஓகஸ்டில் போய்ப் பார்க்கத்தக்க ஒரே இடத்தை வெட்டிவிட்டு, அந்த நாளைச் சென்னைத் தி.நகர்த் துணிக்கடைகளில் கழிக்க வைத்தீர்கள். இதைச் சொன்னபோதும் அதே கவுண்டர்த் தம்பிதான்: "மான்தானே அன்ரி, உங்கட கோட்டைக்குள்ளயே திரியுதே." எங்கள் திருகோணமலை ஃபிரெட்ரிக் கோட்டையில் திரிவது புள்ளிமான். வெளிமான் இலங்கையிலேயே இல்லை. விசாவைப் பற்றிப் பகிடி விட முதல் அவர் இதைப் படிக்கலாம்.

பிரிட்டிஷ் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று வேடந்தாங்கல் கிராமத்தார் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய் முறையிட்டார்களாம். 1798இல் கலெக்டர் பிளேஸ் ஏரியைக் காக்கும் உரிமையை எழுதிக் கொடுத்தார். வெள்ளைக்காரத் துரையே பதில் கொடுத்திருக்கிறார், ஐயா. எனக்கு உங்களிடமிருந்து ஒரு குறுஞ்செய்திகூட இல்லை.

உங்களோடு சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. மரியாதையாகவே கேட்கிறேன்: கட்டிய காசு முழுவதும், கொழும்பு போய்வந்த செலவு, இவருடைய டொக்டர் செலவு, மூன்றும் வேண்டும். பதினான்கு நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கும், உங்கள் பதிவைக் கேள்வி கேட்கச் சொல்லிச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபைக்கும் எழுதுவேன். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்திருக்கிறேன். மூலப்பிரதி இந்த முறை என்னிடமே இருக்கும்.

இன்னுமொன்று. ஆதாரத்துக்கு என்று பேரனின் கொப்பியை அன்று அந்தத் தம்பி வாங்கி லாச்சிக்குள் வைத்தார். கூழைக்கடா, கரண்டிவாயன், பாம்புத்தாரா, நத்தைகுத்தி நாரை என்று அறுபது பெயரை நம்பர் போட்டு எழுதி, பார்த்தால் சரி அடிக்க ஓரத்தில் கட்டமும் கீறி வைத்திருக்கிறான். நான்கு கட்டத்தில்தான் சரி விழுந்திருக்கிறது. காசு பதினான்கு நாள் கழித்து வரட்டும், கொப்பியை நாளைக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவையுங்கள். மாரிக்குக் கிண்ணியாப் பக்கம் பறவை பார்க்கப் போக அவனுக்கு அது வேண்டுமாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை